மாடி வீட்டுக் கஞ்சி

யாரிடமும் எதையும் சும்மா வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் ஆச்சி போட்ட சட்டம். அப்பாவைப் பெற்றவள், முதலூர்க்காரி. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், பொழுது சாய்வதற்குள் அந்தக் கிண்ணம் திரும்பிப் போய்விட வேண்டும். வெறுங்கிண்ணமாக அல்ல. வந்தது குழம்பு என்றால் போவது அதைவிட ஒசத்தியாக இருக்க வேண்டும். வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் அரைக் கருப்பட்டியாவது உள்ளே போட்டு அனுப்புவாள். அக்கம்பக்கத்தார் அதைப் பாசம் என்று நினைத்தார்கள். எனக்கென்னவோ, வட்டியோடு கடனை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவள் மாதிரிதான் தோன்றும்.

கொடுப்பதற்கு மட்டும் அவளிடம் கணக்குக் கிடையாது. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளித் தனி டப்பாவில் போடுவாள். திருநெல்வேலிச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒற்றை முட்டையை நூறு ரூபாய்க்குக் கேட்டு எடுத்து, அதையே மறுபடியும் காணிக்கையாக வைத்துவிட்டு வருவாள். சபையில் பொதுவாகச் சமைத்துப் பரிமாறும் அசனத்தன்று மட்டும் எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து கூச்சமில்லாமல் சாப்பிடுவாள். "நம்ம அரிசியும் அந்தக் கொப்பரையில கெடக்குல்லா" என்பாள்.

1992 நவம்பரில் தாமிரபரணி பெருகி ஊரைப் புரட்டிப் போட்டபோது நிவாரண அரிசிக்கு எங்கள் வீட்டுக்கும் சீட்டு வந்தது. "இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்று ஆச்சி திருப்பி அனுப்பிவிட்டாள். நியாயம்தான், வீட்டில் அரிசி இருந்தது. ஆனால் சீட்டுக் கொண்டுவந்தவர் போன பிறகும் அவள் முகம் கடுகடுவென்றே இருந்தது. யாரோ வாசலில் நின்று வைதுவிட்டுப் போனாற்போல.

அந்தக் கடுகடுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் என்னிடம், "நீங்கள்லாம் பால்பவுடருக்கு மாறினவங்கதானல" என்று கேட்டிருக்கிறான். சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்து சொன்னேன். ஆச்சி என்னையும் திட்டவில்லை, அவனையும் திட்டவில்லை. "நாம யார்ட்டயும் எதுவும் வாங்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். அவள் சிறுமியாக இருந்தபோதும் யாரோ இதையே கேட்டிருக்க வேண்டும். அப்போது பால்பவுடருக்குப் பதில் கஞ்சி என்று சொல்லியிருப்பார்கள்.

முதலூரின் கதையைப் பிற்பாடுதான் ஒழுங்காகப் படித்தேன். கிறிஸ்தவர்களானதற்காக அடிபட்டவர்களும் வீடு இழந்தவர்களும் ஒதுங்க ஓர் இடம் வேண்டுமென்று, தாவீது சுந்தரானந்தம் 1799-இல் அமைத்த குடியேற்றம் அது. நிலம் வாங்கப் பணம் கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி. ஆக, ஆச்சி தவழ்ந்த தரையே ஒருவர் கொடுத்தது. பாளையங்கோட்டையில் 1785-இல் எழும்பிய முதல் கோயில், குளோரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவை முன்னின்று கட்டியது. இடம் இல்லாதவர்களுக்கு இடம் வாங்கிக் கொடுக்கவென்றே மிஷனரி ரேனியஸ் 1830-இல் தர்ம சங்கம் தொடங்கினார். 1876-78 பெரும் பஞ்சத்தில் இந்தப் பக்கத்து மிஷன்கள் நிவாரண வேலை செய்தன. அதையொட்டி ஆயிரக்கணக்கானவர்கள் சபைகளில் சேர்ந்தார்கள். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அந்தப் பையன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. பசித்தவன் சோறு போட்டவன் பக்கம் போனால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கொடுத்ததை வாங்கியது கிறிஸ்தவர்கள் மட்டும்தானா? கொக்கிரகுளத்துக்கும் வண்ணார்பேட்டைக்கும் நடுவே ஆற்றைத் தாண்டும் பாலத்தை, கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டி 1843-இல் திறந்தார். ஊரே அதன்மேல் போய் வருகிறது. ஒருவருக்கும் வாங்கித் தின்ற கூச்சம் வந்ததாகத் தெரியவில்லை.

ஆச்சிக்குப் பிறகு சட்டம் அம்மா கைக்கு வந்தது. அம்மா கணக்கு டீச்சர். சட்டத்தில் ஒரு புள்ளி பிசகாது. சிந்துபூந்துறையில் நாங்கள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். வீட்டுக்காரருக்கு ஜங்ஷனில் ஒரு செருப்புக் கடையில் வேலை. அந்த அக்கா ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி கொடுத்துவிடுவார்; பாத்திரம் அம்மா கையால் சுட்ட அதிரசத்தோடு மேலே போகும். கிறிஸ்துமசுக்கு எங்கள் முறுக்கு மேலே போனால், அவர்களும் சும்மா இருக்கமாட்டார்கள். வருடக்கணக்காக இதே போக்குவரத்து. "வாங்க", "இருங்க" என்ற மரியாதையைத் தாண்டி ஒரு படிகூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு முந்திய அட்வென்ட் நாட்கள். விட்டுவிட்டுப் பெய்கிற மார்கழி மழை இல்லை அது. ஒரே சீராக, மூச்சு வாங்காமல் கொட்டியது. ஆராதனைக்குக் கோயிலில் பாதிப் பெஞ்சு காலி. அந்த வாரம் கேரல் ரவுண்ட்ஸ் உண்டா இல்லையா என்று வாலிபப் பையன்கள் வராந்தாவில் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் கரண்ட் போயிற்று. சாயங்காலம் தெருவில் ஒருவர், "குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிட்டு" என்று சொல்லிக்கொண்டு போனார். அது ஒரு செய்தியே இல்லை, நல்ல மழைக்கெல்லாம் முங்குகிற கோயில்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்து, "தைப்பூச மண்டபமும் தெரியல" என்றார். அதற்குப் பிறகு யாரும் வாசலில் நின்று பேசவில்லை.

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அங்கணக்குழி வழியாக வந்தது. முதலில் குளுக் குளுக் என்று சத்தம், பிறகு கறுப்பாகக் கொப்பளித்துத் தரையில் பரவியது. டார்ச் வெளிச்சத்தில் அம்மா ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் ஏற்றினாள்: வேதபுத்தகம், பென்ஷன் புத்தகம், ரேஷன் கார்டு, அப்பாவின் போட்டோ. கட்டில் கால் முழுகியதும் எல்லாவற்றையும் அலமாரி உச்சிக்கு மாற்றினோம். அரிசி டின் சாய்ந்துவிட்டது. கைப்பிடி அரிசி டப்பா மட்டும் மிதந்து, சமையலறைச் சுவரில் டொக் டொக்கென்று இடித்துக்கொண்டிருந்தது. மூடி இறுக்கமாக இருந்ததால் கிறிஸ்துமசுக்குச் சுட்ட அச்சு முறுக்கு டின்னும் மிதந்து தப்பித்தது.

"டீச்சரம்மா, ஏன் இன்னும் கீழ நிக்கீய? மேல வாங்க" என்று மாடிப்படியிலிருந்து அக்கா கத்தினார். அம்மா முழங்கால் வலிக்காரி. அக்காவின் வீட்டுக்காரரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். அம்மா கையில் முறுக்கு டின். மேலே போனதும் முதல் காரியமாக அதை அக்காவிடம் நீட்டி, "இத பிள்ளைகளுக்குக் குடுங்க" என்றாள். தங்குவதற்கான வாடகையை முன்பணமாகக் கட்டிவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

விடிந்தபோது தெரு ஆறாக இருந்தது. அந்த இரண்டு அறை வீட்டில் எதிர்சாரிக் குடும்பங்களையும் சேர்த்து இருபது பேருக்கு மேல். ஒரே ஒரு சிலிண்டர், அதுவும் எப்போது தீரும் என்று தெரியாது. அக்கா பெரிய சட்டியில் அரிசியைக் குழைய விட்டுக் கஞ்சி வைத்தார். தேங்காய்த் துவையல். கரண்ட் இல்லாததால் அம்மியில் அரைத்தது. அந்த அம்மியை வருடக்கணக்காக யாரும் தொட்டிருக்கவில்லை, கழுவவே அரைக்குடம் தண்ணீர் ஆயிற்று. பிள்ளைகளுக்கு முதலில், பிறகு வயசானவர்களுக்கு. அம்மாவுக்கென்று ஒரு சின்னத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொண்டுவந்தார். தட்டுகள் எல்லாம் பிள்ளைகளிடம் இருந்தன.

"எனக்குப் பசியில்ல" என்றாள் அம்மா.

மத்தியானமும் பசியில்லை. மாடிப்படியின் மேல்தட்டில் உட்கார்ந்து, கீழே எங்கள் வீட்டு ஜன்னலின் பாதி வரை நிற்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கெஞ்சிப் பார்த்தேன். "இருபது பேரு இருக்காங்க, அவங்க அரிசி எத்தன நாளைக்குடா வரும்?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். கணக்கு டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஆனால் பசியில்லாததற்கு அரிசிக் கணக்கு மட்டும் காரணம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாயங்காலம் அக்கா வந்து படியில் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபமாக இருந்தார். "போன வருசம் எம் மவளுக்கு ராத்திரி ராத்திரியா கணக்குச் சொல்லிக் குடுத்தீயளே, நான் என்ன பீஸா கட்டினேன்? வாங்கிக்கிட்டுத்தான இருந்தேன். இப்ப நீங்க மட்டும் மாட்டேங்கீய. அப்ப நான் வாங்கினது தப்பா டீச்சரம்மா?"

அம்மாவிடம் இதற்குப் பதில் இல்லை. தூக்குச்சட்டியை வாங்கினாள். கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. அந்தச் சட்டியின் விளிம்பில் யாருடைய கல்யாணத்துக்கோ கொடுத்த அன்பளிப்பு என்று பெயரும் தேதியும் வெட்டியிருந்ததை, கஞ்சி குடித்து முடித்த பிறகு டார்ச் அடித்து வாசித்தாள். எங்களுக்குத் தெரியாத யாரோ. அக்காவுக்கும் தெரியாதாம், அவர் மாமியார் காலத்துச் சட்டி.

மறுநாள் மேலப்பாளையத்துப் பையன்கள் இடுப்பளவுத் தண்ணீரில் அண்டாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாளியில் கயிறு கட்டி இறக்கினோம். தக்காளிச் சோற்றுப் பொட்டலங்கள் ஏறி வந்தன. எங்கள் சபை வாலிபர்கள் பிரெட்டும் மெழுகுவத்தியும் கொண்டுவந்தார்கள். கேரல் பாட வேண்டிய பிள்ளைகள். தொண்டை கட்டிப் போயிருந்தது. இந்தத் தடவை கயிற்றைப் பிடித்தது அம்மா.

கஷ்டங்களின் வழியாகக் கர்த்தர் நமக்குப் பாடம் கற்பிக்கிறார் என்று பிரசங்கங்களில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதில் கொஞ்சம் தயங்குகிறவன். அந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்தப் பக்கம் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழைகூட அவ்வளவு வராது. ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்துச் சுற்றுவட்டாரத்திலும் வீடும் கடையும் மாடும் போனவர்கள் எத்தனை பேர். என் அம்மாவுக்குப் பாடம் நடத்த ஆண்டவர் அத்தனையையும் கொட்டினார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மழை மழைதான். அது வந்த இடத்தில் யார் யாருக்கு என்ன ஆனார்கள் என்பதில்தான் நான் அவரைத் தேடுகிறேன்.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் அந்த ஞாயிறு இரவு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதை எல்லோரும் படித்திருப்பீர்கள். செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அடித்துப் போயிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஜாபர் அலி ரயிலை விடவில்லை. சுமார் 800 பேர், சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். ஏசியில் படுத்து வந்தவர்களும் பொதுப்பெட்டியில் நின்று வந்தவர்களும் அதே சோற்றைத்தான் தின்றிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் எங்கள் அம்மாவைப்போல முதல் வேளை "பசியில்ல" என்று சொன்னார்களோ. செய்தித்தாளில் இதெல்லாம் வருவதில்லை.

வாங்கிக்கொள்வது என்றதும், தோனாவூர் அம்மையாரைப் பற்றி அந்த நாட்களில் நிறைய யோசித்தேன். எமி கார்மைக்கேல் 1901-லிருந்து தோனாவூரில் இருந்து, கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண்பிள்ளைகளையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் எடுத்து வளர்த்த கதை எங்கள் ஞாயிறு பள்ளியில் ஒவ்வொரு வருடமும் வரும். 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில், மருந்தகம் வைப்பதற்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் அங்கே வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் அடிபட்டது. 1951 ஜனவரியில் கண்மூடும்வரை அநேகமாக அறையும் படுக்கையும்தான். பிரசங்கத்தில் இந்த இடம் வந்ததும், படுக்கையில் இருந்தபடியே எத்தனை புத்தகங்கள் எழுதினார் என்று போய்விடுவார்கள். எழுதினார், உண்மைதான். ஆனால் தன் கையில் வளர்ந்த பெண்கள் எடுத்துக் கொடுக்க வாங்கிக்கொண்ட எமியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. முப்பது வருடம் தூக்கியவர், இருபது வருடம் தூக்கப்பட்டார். பின்னது சின்ன ஊழியம் என்று நமக்கு யார் சொன்னது?

இன்னொருவர் வெள்ளாளன்விளை அசரியா. 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வெளிநாட்டுக் காசை எதிர்பார்க்காமல், நம் ஆட்களை நம் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு அனுப்பிய சங்கம். வாங்கியே பழகியவர்கள் என்று பேர் எடுத்த ஒரு சபை கொடுக்கக் கிளம்பிய கதை அது, ஆச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதே அசரியா 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளை முன்னால் வைத்துக்கொண்டு பேசியதைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ கொடுத்துவிட்டீர்கள், இனி வேண்டியது சிநேகிதர்கள் என்ற தோரணையில் கேட்டார். கொட்டிக் கொடுத்த பிறகும் கொடுத்தவன் மேலே, வாங்கினவன் கீழே என்று இருப்பதை அவர் அருகிலிருந்து பார்த்தவர். ஆச்சியும் அம்மாவும் அந்த மேல்படியில் ஏறி உட்காரத்தான் காலமெல்லாம் பாடுபட்டிருக்கிறார்கள். கீழே இருந்தது அவ்வளவு வலித்திருக்கிறது. மேல்படியில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. கிறிஸ்துமஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஜனவரியில் ஒருநாள் அம்மா அந்தத் தூக்குச்சட்டியைப் புளிபோட்டுத் தேய்த்து, முதலூரிலிருந்து வரவழைத்த மஸ்கோத் அல்வாவை அதில் நிறைத்து மாடிக்குக் கொண்டுபோனாள். தேங்காய்ப்பாலில் கிண்டுகிற அந்த அல்வா ஒரு துண்டே போதும், ஒரு சட்டி என்பது அதிகம்தான். பழைய புத்தி அவ்வளவு சீக்கிரம் போகுமா? அக்கா அல்வாவைத் தன் தட்டில் மாற்றிக்கொண்டு சட்டியை அம்மா கையிலேயே கொடுத்துவிட்டார். "இது உங்ககிட்டயே கெடக்கட்டும். அடுத்த வெள்ளத்துக்குத் தேட வேண்டாம்லா."

அம்மா சிரித்துக்கொண்டே இறங்கி வந்ததாக ஞாபகம். சட்டி எங்கள் அடுக்களையில் நின்றது. பெரிய வியாழன் ஆராதனையில் இயேசு சீஷர்களின் காலைக் கழுவுகிற பகுதியை வாசித்துக் கேட்டுவிட்டு வந்த ராத்திரி, "பேதுருவும் மொதல்ல மாட்டேன்னுதான அடம்புடிச்சான்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல். சொல்லி அனுப்பாமலேயே அந்தத் தூக்குச்சட்டி மேலே போய்க் கஞ்சியோடு இறங்கி வந்தது. கொண்டுபோனது அக்கா மகள். அம்மா எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு, காய்ச்சல்காரி என்று யாரும் நம்பாத குரலில் மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ பிள்ள, இதுல உப்பு போட்டியா இல்லியா?"

"காய்ச்சலுக்கு உப்பு கொறச்சுத்தான் போடணும்" என்று மேலேயிருந்து பதில் வந்தது. "வேணும்னா ஏறி வந்து போட்டுக்கிடுங்க."

"முட்டு வலிக்காரி எப்பிடிளா ஏறுவேன்? நீ எறங்கி வா."

அக்கா உப்பு மரவையோடு இறங்கி வந்தார்.